கூண்டில் வாழும் பூனையினம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இயலும் இசையும் நாடகமும் பொலியும் இம்மேடையிலே பூனையைப் பற்றி ஒரு சொற்பொழிவா என்று சிலர் முறுவல் கொள்ளக்கூடும். குடும்பத்தார் அனைவரும் கேட்டுப் பயன்கொள்ளத்தக்க அறிவியற் பொருள் ஒன்றைப் பேசவேண்டும் என்பதே விழாக் குழுவினர் நமக்கு இட்ட பணி. தலைநகரத்துக் குடியிருப்பிலே வாழும் நமக்கு இப்பொருளினும் அண்மையது வேறில்லை. மாடி வீட்டிலே, மூன்று அறைகளுக்குள் பூனை வளர்க்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. விடுமுறை நாளிலே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பழைய கோட்டையின் அருகிலுள்ள விலங்குக் காட்சிச்சாலைக்குச் சென்று வேங்கையைக் கண்டு வராத குடும்பமோ மிகச் சில. ஓரிடத்தில் காண்பது சிறிய பூனை. மற்றோரிடத்தில் காண்பது பெரிய பூனை. இரண்டும் அடைபட்ட பூனைகளே. அடைபட்ட நிலையில் அவ்வுயிர் படும் பாடு என்ன, அதனை எவ்வாறு தணிக்கலாம் என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

தமிழர் பூனையினத்தை நன்கு அறிந்தவர். காட்டுப் பூனையை வெருகு என்றனர்; ஆண் பூனையைக் கடுவன் என்றனர். தொல்காப்பிய மரபியலார் புலியின் இளமைப் பெயர் குருளை என்றும் வெருகின் இளமைப் பெயர் குட்டி என்றும் வகுத்துரைத்தார். எனினும் நம் முன்னோர் அறிந்த பூனை கதவுக்குள் பூட்டிவைத்த பூனையன்று. களஞ்சியத்திலே எலி பிடித்து, ஓட்டின்மேல் உறங்கி, வேண்டும்போது வந்து வேண்டாதபோது போய்விடும் பூனை அது. சைப்பிரஸ் தீவிலே ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மனிதப் புதைகுழியின் அருகிலேயே பூனை ஒன்றும் புதைக்கப்பட்டிருந்ததை அறிஞர் 2004ஆம் ஆண்டில் அறிவித்தனர். அத்துணை நெடுங்காலம் மனிதரோடு பழகியும், பூனை நாயைப் போல ஆகிவிடவில்லை. நாயின் முன்னோர் கூட்டமாக வாழ்ந்தன. தலைவனைப் பின்பற்றுதல் அதன் இயல்பு. பூனையின் முன்னோர் தனித்து வேட்டையாடியவை. பூனைக்கு உறவு, தான் வாழும் நிலத்தோடு. அந்நிலத்தின் ஒவ்வொரு மூலையின் மணத்தையும் அது அறியும். எனவே இடத்தைச் சுருக்கினாலும் இடத்தை மாற்றினாலும் பூனைக்கு நேரும் இடர், நாய்க்கு நேர்வதனினும் மிகுதி.

விலங்குக் காட்சிச்சாலைகளை முதலில் பார்ப்போம். சென்னையிலே இளமையைக் கழித்த பெரியோர்க்கு 'உயிர்க் காலேஜ்' என்னும் பெயர் நினைவிலிருக்கும். அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'. விலங்குகள் இருந்த இடம் 'உயிர்க் காலேஜ்'. எட்வர்டு பால்ஃபோர் என்னும் மருத்துவர் அருங்காட்சியக வளாகத்திலே 1855இல் தொடங்கிய அக்காட்சிச்சாலை, பின்னர் மத்திய ரயில் நிலையத்தின் பக்கத்திலிருந்த பூங்காவிற்குப் போய், 1985இல் வண்டலூர்க் காட்டுக்குக் குடியேறியது. பழைய முறையிலே புலிக்குக் கிடைத்தது இரும்புக் கம்பியும் கல் தரையுமே. கழுவ எளிது, காண எளிது. வாழ்வதற்கு எளிதா என்று கேட்டவர் சிலரே.

ஜெர்மனியிலே ஹாம்பர்க் நகரத்தின் அருகில் கார்ல் ஹாகன்பெக் என்பவர் 1907ஆம் ஆண்டிலே கம்பிகளை நீக்கி, அகழி வெட்டி, அதற்கப்பால் விலங்குகளைத் திறந்த வெளியில் வைத்துக் காட்டினார். உலகம் வியந்தது. 1959ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் திறந்துவைக்கப்பட்ட தில்லிக் காட்சிச்சாலையின் அமைப்பிலும் அம்முறையே பின்பற்றப்பட்டது. அவருடைய பேரர் கார்ல் ஹைன்ஸ் ஹாகன்பெக் அதன் திட்டத்திற்கு உதவினார். இலங்கைக் காட்சிச்சாலையின் மேஜர் வைன்மன் என்பாரும் உதவினார். நாம் ஞாயிறுதோறும் கண்டு களிக்கும் அகழியின் வரலாறு இதுவே.

ஆனால் கம்பி போனதால் காண்போர் மனம் ஆறியதே தவிர, விலங்கின் மனம் ஆறியதா? இக்கேள்வியை அறிவியல் முறையிலே எழுப்பியவர் சுவிட்சர்லாந்தின் ஹைனி ஹெடிகர். பெர்ன், பாசெல், சூரிக் ஆகிய மூன்று நகரங்களின் காட்சிச்சாலைகளையும் அடுத்தடுத்து நடத்திய அனுபவம் அவருக்கு உண்டு. அடைபட்ட காட்டு விலங்குகளைப் பற்றி 1942இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடிக்கல். காட்டிலே விலங்கு விருப்பம்போல் திரிகிறது என்று நாம் எண்ணுவது கற்பனை என்றார் அவர். காட்டு விலங்கும் தன் எல்லைக்குள்ளேயே வாழ்கிறது. உறங்க ஓரிடம், நீரருந்த ஓரிடம், மணக்குறி இட ஓரிடம், ஒளிந்துகொள்ள ஓரிடம் என்று வகுத்துக்கொண்டு, குறித்த வழிகளிலே குறித்த வேளையிலே செல்கிறது. ஆதலின் கூண்டின் பரப்பு மட்டுமன்று, கூண்டுக்குள் என்ன இருக்கிறது என்பதே தலையாய கேள்வி என்று அவர் வற்புறுத்தினார். வெறுமையான ஒரு மைதானம் புலிக்குப் பயன்படாது. மறைவும் மேடும் நீரும் நிழலும் உள்ள சிறு நிலம் பயன்படும்.

காட்சிச்சாலையிலே புலியோ சிறுத்தையோ வேலியோரமாக ஒரு முனையிலிருந்து மறு முனைக்கும், மறு முனையிலிருந்து இம்முனைக்கும் ஓயாமல் நடப்பதை நம் பிள்ளைகள் கண்டிருப்பார்கள். தரையிலே புல் தேய்ந்து தடம் பதிந்திருக்கும். திரும்புமிடத்திலே ஒவ்வொரு முறையும் தலையை ஒரே வகையாகத் திருப்பும். “பார், புலி ராஜநடை போடுகிறது” என்று நாம் பிள்ளைக்குச் சொல்கிறோம். விலங்கியலார் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கின்றனர். ஒரே செயலை மாற்றமின்றி, பயனின்றித் திரும்பத் திரும்பச் செய்யும் தேய்வழக்கு அது. எதையோ செய்ய உந்தும் உடல். செய்ய இடமில்லாத சூழல். இவ்விரண்டின் மோதலே பெரும்பாலும் அந்நடையாக வெளிப்படுகிறது. நடக்கும் விலங்கு ஒவ்வொன்றும் அக்கணத்தில் துன்பத்தில் உழல்கிறது என்று சொல்லிவிட முடியாது. பழைய சிறையிலே பிடித்த பழக்கம் புதிய நல்ல இடத்திலும் தழும்புபோல் நிற்பதுண்டு. உணவு வேளை நெருங்கும்போது மட்டும் சில நடக்கும். எனினும் பகல் முழுதும் நடக்கும் விலங்கைக் கண்டால் அதன் சூழலிலே ஏதோ குறை உண்டென்று கொள்ளலாம்.

ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்னும் இரு பெண்மணிகள் 2003ஆம் ஆண்டிலே 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஊனுண்ணி விலங்குகள் பலவற்றைப் பற்றிய செய்திகளைத் திரட்டி, கூண்டிலே எவை மிகுதியாக நடக்கின்றன என்று ஒப்பிட்டனர். வேட்டையாட முடியாமையே காரணம் என்று பலர் எண்ணியிருந்தனர். கண்டதோ வேறு. காட்டிலே எந்த விலங்கு பரந்த நிலப்பரப்பில் உலவுகிறதோ, அவ்விலங்கே கூண்டில் மிகுதியாக நடக்கிறது. அதன் குட்டிகளே மிகுதியாக இறக்கின்றன. பனிக்கரடிக்குக் கொடுக்கப்படும் இடம், காட்டில் அது உலவும் மிகச் சிறிய பரப்பிலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கே என்று அவர்கள் கணக்கிட்டனர். சிங்கமும் இவ்வகையில் இடர்ப்படும் இனமே. இடத்தைப் பெருக்க வேண்டும். இயலாவிடில் உறைவிடங்கள் பலவற்றைக் கொடுத்து நாள்தோறும் மாற்றம் உண்டாக்க வேண்டும். அதுவும் இயலாவிடில் அவ்வினங்களை வளர்க்காமல் விடுதல் நன்று என்பது அவர்கள் முடிபு. நமக்கும் அது நேர்மையான முடிபாகவே தோன்றுகிறது.

'ஸ்ட்ரெஸ்' என்னும் சொல் இன்று நம் வீட்டுச் சிறுவர் வாயிலும் வழங்குகிறது. 1936ஆம் ஆண்டிலே மான்ட்ரியால் நகரத்து ஹான்ஸ் செல்யே என்னும் அறிஞர் இக்கருத்துக்கு வித்திட்டார். இடர் வந்துற்றபோது சிறுநீரகத்தின் மேலமர்ந்த சுரப்பிகள் கார்டிசால் முதலிய சுரப்புகளைப் பெருக்குகின்றன. ஓடவோ போராடவோ உடல் ஆயத்தமாகிறது. சிறிது நேரத்தில் இடர் நீங்கினால் அச்சுரப்பும் தணியும், அதனால் தீங்கில்லை. இடர் நீங்காமலும், ஓட வழியில்லாமலும் நாட்கணக்காக நீடித்தால்தான் உடல் தேய்கிறது, நோயெதிர்க்கும் ஆற்றல் குன்றுகிறது, இனப்பெருக்கம் தடைப்படுகிறது. கார்டிசாலின் எச்சம் சிறுநீரிலும் மலத்திலும் வெளிப்படுவதால், விலங்கைத் தொடாமலே அதன் உளைச்சலை அளக்க இயலும். குத்திக் குருதி எடுத்தால் அதுவே ஓர் உளைச்சலாகிவிடும் அன்றோ!

அவ்வாறு அளந்த ஆய்வுகளிலே நம் மனத்தை மிகவும் கவர்ந்தது சிறுத்தைப்பூனையைப் பற்றியது. வீட்டுப் பூனையின் அளவே உள்ள, புள்ளிகள் நிறைந்த இவ்விலங்கு நம் நாட்டுக் காடுகளிலும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் தேசியக் காட்சிச்சாலையைச் சார்ந்த கேத்தி கார்ல்ஸ்டெட் முதலியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வு அது. சிறுத்தைப்பூனைகளை வெறுங்கூண்டுகளுக்கு மாற்றினர். அண்மையிலே பெரும் பூனைகள் இருந்தன. காட்டிலே அவை சிறுத்தைப்பூனையைக் கொன்றுவிடக் கூடியவை. அவற்றின் மணமும் ஓசையும் சுவரைக் கடந்து வந்தன. சிறுத்தைப்பூனைகளின் சிறுநீரிலே கார்டிசால் ஏறியது, வாரக்கணக்கில் இறங்கவில்லை. பின்னர் அதே கூண்டுகளிலே மரக்கிளைகளையும் மறைவிடங்களையும் அமைத்தனர். கூண்டு பெரிதாகவில்லை. பக்கத்துப் பகைவர் போய்விடவுமில்லை. ஆயினும் கார்டிசால் இறங்கியது; நடையும் குறைந்தது. ஒளிந்துகொள்ள முடியும் என்னும் நிலையே அவ்வுயிர்க்கு மருந்தாயிற்று.

அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு உணவைப் பற்றியது. கிண்ணத்திலே ஒரே வேளையில் கொட்டிய உணவை, நாளொன்றுக்குப் பல முறை சிறுசிறு கூறுகளாகச் சுள்ளிக் குவியல்களுக்குள் ஒளித்துவைத்தனர். சிறுத்தைப்பூனைகள் தேடித் துருவுவதில் செலவிட்ட நேரம் இரு மடங்குக்கு மேலாயிற்று. தேய்ந்த நடை குறைந்தது. செலவு ஏதுமில்லை, பணியாளரின் கால் மணி நேரமும் ஒரு கட்டுச் சுள்ளியும் போதும்.

அதற்கு முன்பே ஹால் மார்க்கோவிட்ஸ் என்பவர் 1970களிலே ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து காட்சிச்சாலையிலே செர்வல் என்னும் ஆப்பிரிக்கப் பூனைக்கு இறைச்சி உருண்டையைப் பறக்கவிட்டார். உயரத் துள்ளிப் பறவை பிடிப்பது அப்பூனையின் குலத்தொழில். உருண்டை பறந்தது, பூனை துள்ளியது. பின்னர் ஒரு சிறுத்தைக்குக் கூண்டின் பல மூலைகளிலிருந்தும் பறவைக் குரல் எழச் செய்து, அதனைத் துரத்தினால் உணவு கிடைக்கச் செய்தார். இயந்திர விளையாட்டு என்று சிலர் எள்ளினர். ஆயினும் தன் முயற்சியால் ஒன்றைப் பெறும் வாய்ப்பு அவ்விலங்கிற்குக் கிடைத்தது. அதுவே அவர் வேண்டியது. இதனைத்தான் இன்று 'சூழலை வளப்படுத்துதல்' என்கின்றனர்.

மேகச்சிறுத்தை என்பது நம் வடகிழக்குக் காடுகளில் வாழும் மரவாசி. வட அமெரிக்கக் காட்சிச்சாலைகளில் உள்ள மேகச்சிறுத்தைகளை 2002இல் ஆராய்ந்தபோது, உயர்ந்த கூண்டுகளில் இருந்தவற்றின் உளைச்சல் குறைவு என்றும், பணியாளர் நெடுநேரம் உடனிருந்தவற்றின் உளைச்சல் குறைவு என்றும், மக்கள் பார்வையில் வைக்கப்பட்டவற்றின் உளைச்சல் மிகுதி என்றும் தெரியவந்தது. நம்மைப் பற்றிய செய்தி இந்த மூன்றாவதிலே இருக்கிறது. கூண்டின் முன் நின்று கை தட்டுவோர், சீட்டியடிப்போர், உறங்கும் சிங்கத்தை எழுப்பக் கல்லெறிவோர் ஆகியோரை நாம் ஒவ்வொரு முறையும் காண்கிறோம். “இவ்வளவு தொலைவு வந்தோம், அது எழுந்து நிற்கவில்லையே” என்பது அவர்தம் மனக்குறை. பூனையினம் பகலிலே நெடுநேரம் உறங்கும். அது நோயுமன்று, சோம்பலுமன்று. காணவேண்டுமானால் காலையில் வாயில் திறந்தவுடன் செல்க. ஓசையின்றிக் கால் மணி நேரம் ஓரிடத்தில் நிற்க. வெயில் காலத்திலே புலி நீரில் இறங்கிக் கிடப்பதைக் காணலாம். பூனையினத்திலே நீரை விரும்பும் இனம் புலி.

வெள்ளைப் புலியைப் பற்றி ஒரு சொல். பிள்ளைகள் முதலில் தேடுவது அதனையே. 1951ஆம் ஆண்டு மே மாதத்தில் ரேவாக் காட்டிலே பிடிபட்ட மோகன் என்னும் ஆண் குட்டியே இக்குலத்தின் பெருந்தந்தை. அதனை அதன் மகளோடே சேர்த்து 1958இல் வெண்ணிறக் குட்டிகளைப் பெற்றனர். அக்குட்டிகளிலே ராஜா, ராணி என்னும் இரண்டு 1963இல் தில்லிக்கு வந்தன. வெண்மை தனியினத்தின் அடையாளமன்று. மரபுக்கூறு ஒன்றின் மாற்றமே. நெருங்கிய உறவிலேயே இனம் பெருக்கியதால் வந்த குறைகள் பல. நிறத்திற்காக ஓர் உயிரை இவ்வாறு பெருக்குவது நமக்கு உடன்பாடன்று. பிள்ளைகளுக்கு அதனையும் சொல்லிக் காட்டலாம்.

விலங்குகளின் துயர் துடைக்கும் சட்டத்திலே தமிழ்ப் பெண்மணி ஒருவரின் கை உண்டு என்பதை இந்த அவையிலே பெருமையோடு கூறலாம். மதுரையிலே பிறந்து, கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்றார். நாட்டியத்தைப் பற்றி மட்டுமே பேசுவார் என்று எண்ணியிருந்த அவையிலே விலங்குகளுக்காகத் தனி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே அத்தகைய சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கூறியதும் தம் மசோதாவைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவாக விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் நிறைவேறியது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவர் அவரே. அதன் தலைமையிடமும் நெடுங்காலம் சென்னையாகவே இருந்தது. அச்சட்டத்தின்கீழ்ப் பிறந்த ஆணையினாலேதான் சர்க்கஸ் கூடாரங்களிலே சிங்கமும் புலியும் சிறுத்தையும் வேடிக்கை காட்டுவது நின்றது. சர்க்கஸ்காரர் வழக்காடினர், 2001இல் உச்ச நீதிமன்றம் ஆணையை நிலைநிறுத்தியது. சக்கர வண்டிக் கூண்டிலே வாழ்நாளைக் கழித்த அவ்விலங்குகள் வண்டலூர், திருப்பதி முதலிய இடங்களின் மீட்பு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டன. காட்சிச்சாலைகளைக் கண்காணிக்க மத்திய ஆணையம் 1992இல் ஏற்பட்டது.

இனி வீட்டிற்கு வருவோம்.

சட்டமும் ஆணையமும் நுழையாத கூண்டு நம் வீடு. அங்கே ஆணையம் நாமே. வீட்டுக்குள் வளரும் பூனை வண்டியில் அடிபடாது, நாயிடம் சிக்காது, பறவைகளைக் கொல்லாது. இவை நன்மைகள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் சிறுத்தைப்பூனைக்கு வேண்டியவை எவையோ அவையே இதற்கும் வேண்டும்.

முதலாவது மறைவிடம். நெதர்லாந்திலே ஒரு காப்பகத்திற்குப் புதிதாக வந்த 19 பூனைகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி வைத்தனர். பெட்டி பெற்றவை மூன்று நான்கு நாட்களிலேயே அமைதி எய்தின. பெறாதவை அந்நிலைக்கு வர ஏறத்தாழ இரு வாரம் ஆயிற்று. 2014இல் வெளிவந்த முடிவு இது. பழைய அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வாயில் வெட்டினால் போதும். ஒளிந்த பூனையை விருந்தினர்க்குக் காட்ட வெளியே இழுத்தல் கூடாது. இழுத்தால் அந்தப் பெட்டியின் பயன் அன்றோடு போயிற்று.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டதென்று எண்ணுமாம் என்று பழமொழி சொல்லிச் சிரிக்கிறோம். அஞ்சிய பூனை உண்மையாகவே கண்ணை மூடிக்கொள்கிறது. உறங்குவதுபோல் கிடக்கும், உடல் இறுகியிருக்கும், கால்கள் அடியில் மடிந்திருக்கும், மூச்சு விரைந்திருக்கும். “எங்கள் பூனை மிகச் சாது, ஓரமாகவே கிடக்கும்” என்று நாம் பாராட்டும் பூனைகளிலே சில இவ்வாறு அஞ்சிக் கிடப்பவை. நலமுள்ள பூனை பக்கவாட்டில் சாய்ந்து, கால்களை நீட்டி உறங்கும்.

இரண்டாவது உயரம். தரை சிறிதானால் சுவரைப் பயன்படுத்துக. பீரோவின் மேல் ஒரு பழைய மெத்தை, பரணுக்கு ஏற இரண்டு பலகைகள், சன்னலோரம் ஓர் இருக்கை. மூன்றறை வீடு அதற்கு ஆறறை வீடாகும். பால்கனிக்கு வலை கட்டுதல் இன்றியமையாதது. பூனை எங்கிருந்து விழுந்தாலும் பிழைக்கும் என்பது பொய்ந்நம்பிக்கை. மாடியிலிருந்து விழுந்து மருத்துவரிடம் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளை நியூயார்க்கிலே ஆராய்ந்து 1987இல் எழுதினர். பத்தில் ஒன்பது பிழைத்தன என்பது உண்மையே. ஆனால் பல மார்பிலும் தாடையிலும் கடுங்காயமுற்றுச் சிகிச்சை பெற்றே பிழைத்தன. விழுந்த இடத்திலேயே இறந்தவை அக்கணக்கில் வரவில்லை.

நகத்தால் கீறுவது பூனையின் குற்றமன்று. நகத்தின் பழைய உறை உதிரவும் தன் மணத்தைப் பதிக்கவும் அது கீறுகிறது. தேங்காய் நார்க் கயிற்றை ஒரு கட்டையிலே இறுகச் சுற்றி, அது முழுநீளம் நிமிர்ந்து கீறும் உயரத்திற்கு நிறுத்தினால் சோபா பிழைக்கும். மணமும் பூனைக்கு ஒரு விருந்து. மேல்நாட்டார் 'கேட்னிப்' என்னும் செடியை விலைகொடுத்து வாங்குகின்றனர். நம் குப்பைமேனிக்குப் 'பூனைவணங்கி' என்றே ஒரு பெயர் உண்டு. அதன் வேரின் மணத்திலே பூனைகள் மயங்கிப் புரளும். பறித்த வேரை முகரக் கொடுக்கலாம். உண்ணக் கொடுக்க வேண்டாம். அவ்வாறே லில்லி மலர்களை வீட்டில் வைக்கவே வேண்டாம். பூனையின் சிறுநீரகத்தை அவை அழித்துவிடும்.

உணவைப் பற்றிச் சற்று ஒளிவின்றிப் பேசவேண்டும். நம்மிலே பலர் சைவ உணவினர். பூனைக்குத் தயிர்ச்சோறும் பாலும் இட்டு வளர்ப்பது நம் வீட்டு வழக்கம். பழங்காலத்துப் பூனை தயிர்ச்சோற்றை உண்டுவிட்டு, நாம் காணாத இடத்தில் எலியையும் பல்லியையும் பிடித்துத் தன் குறையை நிரப்பிக்கொண்டது. மாடி வீட்டுப் பூனைக்கு அவ்வழி அடைபட்டது. டாரின் என்னும் சத்துப் பூனையின் உடலிலே போதிய அளவு உண்டாவதில்லை. ஊனிலிருந்தே அது கிடைக்கவேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெடும் என்று 1975இலும், இதயம் தளரும் என்று 1987இலும் ஆய்வாளர் மெய்ப்பித்தனர். வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குப் பாலும் செரிப்பதில்லை. ஆதலின் வீட்டிலே ஊன் புகலாகாது என்னும் நோன்புடையோர், டாரின் சேர்த்த பூனையுணவையாவது வாங்கி வைக்க மனமொப்ப வேண்டும். ஒப்பாவிடில் பூனைக்குப் பதில் கிளிஞ்சலோ செடியோ வளர்க்கலாம். நம் நோன்பை நாம் நோற்கலாம். பூனையை நோற்கச் செய்யலாகாது.

கொடுக்கும் உணவையும் ஒரே கிண்ணத்தில் கொட்டாமல், நான்கைந்து பங்காக்கி, காகிதச் சுருளிலும் அட்டைக் குழலிலும் ஒளித்துவைத்தால் தேடி உண்ணும். இது பிள்ளைகளுக்கு ஏற்ற பணி. மாலையிலே கயிற்று நுனியில் ஓர் இறகைக் கட்டி எலிபோல் ஓடச் செய்து, இறுதியிலே பிடிக்கவிட்டு, உடனே உணவிடுக. துரத்தி, பிடித்து, உண்டு, நக்கித் துடைத்து, உறங்குதல் அதன் இயற்கை வரிசை. சுவரில் ஓடும் ஒளிப்புள்ளியைக் காட்டி விளையாடுவோர் உளர். பிடிக்கவே முடியாத இரை அது. விளையாட்டு, எரிச்சலிலே முடியும்.

உளைச்சல் நோயாக முடிவதற்கும் சான்றுண்டு. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டோனி பஃபிங்டன், கிருமி ஏதுமின்றியே பூனையின் சிறுநீர்ப்பை அழலும் நோயை நெடுங்காலம் ஆராய்ந்தவர். வேளை தவறிய உணவு, பணியாளர் மாற்றம் போன்ற சிறு குலைவுகள் நேர்ந்த வாரங்களிலே, நோயுள்ள பூனைகள் மட்டுமன்றி நலமுள்ள பூனைகளும் உண்ணாமலும் வாந்தியெடுத்தும் மணல் தட்டுக்கு வெளியே நீர் கழித்தும் நலிந்தன என்று அவர் குழுவினர் 2011இல் எழுதினர். மூலையிலே நீர் கழித்த பூனையை நாம் அடிக்கிறோம். அது சினத்தால் செய்த செயலன்று. மணல் தட்டைத் தூய்மையாக வைத்தல், உண்ணுமிடத்திலிருந்து தள்ளி வைத்தல், பூனைகளின் எண்ணிக்கையினும் ஒன்று கூடுதலாகத் தட்டுகள் வைத்தல் ஆகியவை முதல் மருந்து. கடுவன் பூனை அடிக்கடி தட்டிலே அமர்ந்து முக்கியும் நீர் இறங்காவிடில் மறுநாள்வரை பொறுத்திருத்தல் ஆகாது. அடைப்பு ஓரிரு நாளில் உயிரைக் கொல்லும். அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்க.

இறுதியாக, நம் குடியிருப்புக்கே உரிய ஒரு சிக்கல். மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றல் உத்தரவு வரும் குடும்பங்கள் நாம். மாற்றல் வரும் கோடையிலே காலி வீட்டின் படிக்கட்டிலே உட்கார்ந்து, பூட்டிய கதவை நோக்கிக் கத்தும் பூனைகளை ஆண்டுதோறும் காண்கிறோம். “பூனைக்கு வீடுதான் பற்று, ஆள் அன்று, இங்கேயே பிழைத்துக்கொள்ளும்” என்று சொல்லி விட்டுச் செல்கின்றனர். வீட்டுக்குள்ளேயே வளர்ந்து, கிண்ணத்தில் உண்டு பழகிய பூனை பிழைத்துக்கொள்ளாது. தெருப் பூனைகளும் நாய்களும் அதனை விட்டுவைக்கா. உடன்கொண்டு செல்லுதலே முறை. இயலாவிடில் நேரிற் பார்த்து ஒரு வீட்டில் ஒப்படைத்தல் முறை.

உடன்கொண்டு செல்வோர் பயணத்திற்கு ஒரு மாதம் முன்பே கூடையைத் திறந்தபடி வீட்டில் வைத்து, அதற்குள்ளேயே அவ்வப்போது உணவிடுக. புறப்படும் நாளன்று அக்கூடை பகையாய்த் தோன்றாது. பூனை படுத்த பழந்துணியைத் துவைக்காமலே உள்ளே விரிக்க. புதிய ஊரிலே சாமான்கள் இறங்கி முடியும்வரை ஒரே அறையிலே, மணல் தட்டும் நீரும் அட்டைப்பெட்டியும் வைத்துக் கதவைச் சாத்துக. அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுக. புதிய சுவர்களிலே தன் கன்னத்தைத் தேய்த்து மணம் பதிக்கத் தொடங்கினால் அது அவ்விடத்தைத் தனதாக்கிக்கொள்கிறது என்று அறியலாம். பெரும்பாலான பூனைகளுக்கு இரண்டு வாரம் ஆகும். சிலவற்றிற்கு மேலும் ஆகும். அதுவரை வீடு கழுவும்போது அந்த மூலைகளை மட்டும் பினாயில் இட்டுத் துடைக்காமல் விட்டுவைக்குமாறு தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறோம்.